மச்சாள் கொடுத்த மிஸ்ட் கோல்

என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டிலிருந்து சில டிராம் தரிப்பிடங்கள் தள்ளி, சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் கட்டிய குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவர் இருக்கிறார். கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் தனியாக இருக்கிறார் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கோபம் வந்துவிடும். "தனிய எண்டு ஆர் சொன்னது? அதுதான் ரெலிபோன் இருக்கே" என்பார்.

அந்த ரெலிபோனில் அவர் தானாக யாரையாவது அழைத்துப் பேசியதை நான் கண்டதில்லை. பொத்தான் வைத்த பழைய கைபேசி. அதற்குள் முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கும் கார்ட். தமிழ்க் கடையில் அந்தக் கார்டுக்குக் காசு போடுவதை அவர் திருவிழா மாதிரி எப்போதாவது ஒருமுறைதான் செய்வார். மற்ற நேரமெல்லாம் மிஸ்ட் கோல். ஒரு மணி அடித்து நின்றால் வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு மணி என்றால் கறி வைத்திருக்கிறார், அவர் தம்பியான என் கணவரை அனுப்பி எடுப்பிக்க வேண்டும். அதற்கு மேலும் அடித்தால் கதைக்க வேண்டும், நான் திருப்பி எடுக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. நான் ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சமையலறையில் வேலை செய்கிறேன். கையெல்லாம் எண்ணெயோடு நிற்கும்போது போன் அடித்து, துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "மச்சாள், இப்ப எல்லாரும் மாசத்துக்கு ஒரு தொகை கட்டிப்போட்டு அளவில்லாமல் கதைக்கினம். உங்களுக்கும் நான் எடுத்துத் தாறன்" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"நான் கதைக்காத கதைக்கு நான் ஏன் காசு கட்டவேணும்?" என்று ஒரே வரியில் என் வாயை அடைத்துவிடுவார்.

அவர் ஆற அமரக் கதைப்பதெல்லாம் கனடாவில் இருக்கும் தங்கையோடுதான். அதுவும் அவர் அழைப்பதில்லை, அங்கிருந்து வரும். வருகிற அழைப்புக்குக் காசில்லை அல்லவா. போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்துவிட்டு, மரக்கறி வெட்டிக்கொண்டே ஊருலகக் கதையெல்லாம் கதைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கனடா மச்சாள் தன் போன் பில்லைப் பற்றிக் குறைப்பட ஆரம்பித்தார். அவர் இருக்கும் மாகாணத்தில், அவசர உதவி எண்ணுக்கென்று ஒவ்வொரு மாதமும் போன் பில்லோடு சேர்த்து ஒரு சிறு தொகை அறவிடுகிறார்களாம். அழைத்தாலும் சரி, அழைக்காவிட்டாலும் சரி, கைபேசி வைத்திருக்கிற எல்லோரும் கட்ட வேண்டும்.

"நான் ஒருநாளும் அந்த நம்பருக்கு எடுத்ததில்லை அக்கா. சும்மா பிடிக்கிறாங்கள்" என்றார் கனடா மச்சாள்.

கதைக்காத கதைக்குக் காசு என்று எங்கள் மச்சாள் கொதிக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ கத்தியை வைத்துவிட்டு, "அதுதான் முறை" என்றார். "காசைக் கட்டிப்போட்டால் உரிமையோட கூப்பிடலாம். வாற ஆக்களுக்கும் சம்பளம் வேணும்தானே."

அழைப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "இஞ்சை நாங்கள் எவ்வளவு கட்டுறம்? உம்மட பில்லில பாரும்."

என் பில்லைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. "இஞ்சை அவசர நம்பர் நூற்றுப்பன்னிரண்டு சும்மா மச்சாள். கார்டில ஒரு சதம் இல்லாட்டிலும் அடிக்கலாம்" என்றேன்.

"சும்மா எண்டு உலகத்தில ஒண்டும் இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் முகம் மாறியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் அகதிகள் விடுதியில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. சாப்பாடு, உடுப்பு, சவர்க்காரம், எல்லாம் இலவசம். அங்கே ஒரு பெண்மணி அவருக்குப் பழைய குளிர்கோட் ஒன்று கொடுத்தாராம். அடுத்த முறை கண்டபோது, ஏன் அதைப் போடவில்லை, பிடிக்கவில்லையா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். கோட் தோளில் இறுக்கமாக இருந்தது என்று சொல்ல மச்சாளிடம் அப்போது மொழி இல்லை. "அண்டைக்கு நினைச்சனான், இனி இந்த நாட்டில ஒரு சாமானும் சும்மா வாங்கிறேல்லை எண்டு" என்று ஒருமுறை சொன்னார். அனுமதி கிடைத்த உடனே துப்புரவு வேலைக்குப் போனவர், ஓய்வு பெறும்வரை ஒரு நாள் சுகயீன விடுப்பு எடுக்கவும் கூச்சப்பட்டார்.

"சரி, நாளைக்கு நீங்கள் குளியலறையில வழுக்கி விழுந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"உமக்கு மிஸ்ட் கோல் குடுப்பன்."

"நான் வேலையில நிண்டால்?"

"நீர் பார்க்குமட்டும் கிடப்பன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், கையில் போனை வைத்துக்கொண்டு, காசு கட்டாத நம்பருக்கு அடிக்கக் கூடாது என்று இந்த மனுஷி கிடந்தாலும் கிடப்பார். அன்று வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிப் புலம்பினேன். இவர் என்றால் என் கணவர்தான். "அக்காவைத் திருத்த ஏலாது" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

ஆனால் முதலில் விழுந்தது மச்சாள் இல்லை. இவர்தான்.

அது ஒரு வேலைநாள் மதியம். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் லீவில் நின்றார், அக்காவுக்கு அரிசி மூட்டையும் வெங்காயப் பையும் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினார். மூன்று மாடியும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். அரிசியைக் குசினியில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டிருக்கிறார். மச்சாள் குவளையோடு திரும்பிப் பார்த்தபோது நிலத்தில் கிடந்தார். கூப்பிட்டால் அசைவில்லை. மூச்சும் இல்லை.

அந்த நேரம் மச்சாளின் மூளையில் என்ன ஓடியது என்று பிறகு அவரே எனக்குச் சொன்னார், ஒருமுறை அல்ல, கேட்கக் கேட்கச் சொன்னார். கார்டில் காசு அநேகமாக முடிந்திருந்தது. அவசர எண்ணுக்குக் காசில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பினாலும், பாதியில் கார்ட் முடிந்து அழைப்பு நின்றுவிட்டால், விலாசம் சொல்லி முடிப்பதற்குள் அறுந்துவிட்டால் என்ன செய்வது? அவர்கள் எடுத்தால் அறாது. வருகிற அழைப்பு அறாது. அதனால் வாழ்க்கை முழுவதும் செய்து பழகியதையே செய்தார். நூற்றுப்பன்னிரண்டை அழுத்தி, மணி அடிப்பது காதில் விழுந்ததும் வைத்துவிட்டார்.

ஜேர்மனியின் அவசர சேவைக்கு மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் என் மச்சாள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் போன் திரும்பி அடித்தது. அடித்துவிட்டு வைத்தவர்களை அவர்கள் அப்படியே விடுவதில்லையாம். பேச முடியாத நிலையில் யாராவது இருக்கலாம் என்று திருப்பி எடுத்துப் பார்ப்பார்களாம். மச்சாளுக்கோ அதில் ஆச்சரியமே இல்லை. "மிஸ்ட் கோல் குடுத்தால் எடுப்பினம்தானே" என்றார்.

ஒரு பெண்குரல். இந்த எண்ணிலிருந்து அழைத்தீர்களா, என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறது. "மைன் புரூடர், ஹெர்ஸ் கபுட்" என்றிருக்கிறார் மச்சாள். என் தம்பி, இதயம் பழுது. பழுதான குழாய்க்கும் லிஃப்ட்டுக்கும் வேலையிடத்தில் சொல்லிப் பழகிய அதே கபுட். அந்தப் பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. விலாசத்தை மச்சாள் தெருப் பெயரிலிருந்து மாடி வரைக்கும் தடங்கலில்லாமல் சொன்னார். எத்தனை அரசாங்கக் கந்தோர்க் கதவடியில் நின்று ஒப்புவித்த விலாசம் அது.

வண்டி புறப்பட்டுவிட்டது, நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுங்கள் என்றாள் அந்தப் பெண். அது மச்சாளுக்குக் கைவந்த வேலை. மரக்கறி வெட்டும் மேசைக்குப் பதிலாக, நிலத்தில் தம்பியின் தலைமாட்டில் போனை வைத்தார். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பலமாக அழுத்தச் சொன்னாள். எண்ணிக் காட்டினாள். ஐன்ஸ், ஸ்வை, ட்றை, ஃபியர். மச்சாளும் சேர்ந்து எண்ணினார்.

"கொஞ்ச நேரத்தில ஜேர்மன் பிந்தீட்டுது. பிறகு தமிழில எண்ணினனான். அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் நல்லாச் செய்யிறியள், நிப்பாட்டாதேங்கோ, நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவள். என்ர கை விட்டுப்போச்சு எண்டன். எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்சம் எண்டாள்."

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இரண்டாவதாக எடுக்கலாம் என்று இவர் வாசலில் வைத்துவிட்டு வந்த வெங்காயப் பைதான் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது இவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நடைபாதைக் கதிரையில் மச்சாள் இருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. என்னைக் கண்டதும் எழும்பி, அழவில்லை, ஒன்றுமில்லை, முதலில் இதைத்தான் சொன்னார்: "நான் கோல் எடுக்கேல்லை. மிஸ்ட் கோல்தான் குடுத்தனான். அவைதான் எடுத்தவை."

காசு கட்டாத ஒன்றை நான் எடுக்கவில்லை என்று அந்த இடத்திலும் எனக்குச் சாட்சி சொல்கிறார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுதேனா, அன்பில் அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

இவர் பிழைத்தார். நெஞ்சில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் கம்பி வைத்துவிட்டார்கள். விலா எலும்புகள் சில வெடித்திருந்தன. பலமாக அழுத்தினால் அப்படி ஆகும், அழுத்தியிராவிட்டால் இவர் இன்று இல்லை என்றார் வைத்தியர். கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் இவர் அக்காவைப் பார்த்துச் சொன்ன முதல் பகிடி, "சின்ன வயசில அடிச்சது காணாதெண்டோ இப்ப எலும்பை முறிச்சனீ?" மச்சாள் அதற்கு, "பேசாமல் கிட" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதார். நிறைய நேரம் அழுதார்.

சில வாரம் கழித்து, வண்டியில் கொண்டுபோனதற்கு எங்கள் பங்காக ஒரு சின்னத் தொகை கட்டச் சொல்லி மருத்துவக் காப்புறுதியிலிருந்து கடிதம் வந்தது. மச்சாளிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "நான் கட்டுறன்" என்றார். இவர் பெயரில் வந்ததை அவர் கட்ட முடியாது என்று விளங்கப்படுத்தியதும் மலர்ந்த முகம் வாடியது. "அப்ப அந்தப் பிள்ளை என்னோட கதைச்சதுக்கு ஆர் கட்டுறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "வாரும், போய்க் கேப்பம்" என்றார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். இங்கே அவசர வண்டியும் அவர்களிடம்தான் இருக்கிறது. என் கையில் மீன் ரோல்ஸ் நிறைந்த பெரிய தட்டம். மச்சாளின் கைப்பைக்குள் ஒரு கடித உறை, அதற்குள் காசு. வாசலுக்கு வந்தவள் உயரமான ஒரு பெண், தலைமுடியைப் பின்னி விட்டிருந்தாள். ரோல்ஸை வாங்கி, மணத்திப் பார்த்து, உள்ளே சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டாள். உறையை மட்டும் கையால் தொடவில்லை. வாங்கினால் வேலை போய்விடும் என்று சிரித்தாள். போனில் பேசிய பெண் வேறு கட்டடத்தில் இருக்கிறாள், அங்கே யாரும் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் நீங்கள் வந்ததைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

மச்சாள் நகரவில்லை. கனடாவில் எல்லோரும் மாதாமாதம் போனோடு சேர்த்துக் கட்டுகிறார்கள், எங்கள் பில்லில் அப்படி ஒன்றும் இல்லை, நானோ கார்ட் போடுகிற ஆள், அப்படியானால் இங்கே யார் கட்டுவது என்று தன் ஜேர்மனில் கேட்டார். வினைச்சொற்கள் பாதி இல்லை. ஆனாலும் கேள்வி அவளுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

அவள் வாயில் இருந்த ரோல்ஸை விழுங்கிவிட்டு, நிதானமாகச் சொன்னாள். போன் கொம்பனிகள் இந்த அழைப்பைக் காசில்லாமல் இணைத்துவிட வேண்டும், அது சட்டம். அழைப்பை எடுக்கிறவர்களுக்கும் வண்டிக்கும் எங்களுக்கும் ஆகும் செலவு வரிப்பணத்திலிருந்தும் மருத்துவக் காப்புறுதிகளிலிருந்தும் வருகிறது. தனியாகப் பில்லில் எழுத மாட்டார்கள். பிறகு, "நீங்கள் இங்கே வேலை செய்தீர்களா?" என்று மச்சாளைக் கேட்டாள்.

"ஓய்வு எடுக்குமட்டும் செய்தனான். துப்புரவு வேலை."

"சம்பளத்தில் பிடித்தார்களா?"

"பிடிக்காமல்? ஒவ்வொரு மாசமும் பிடிச்சவை!" இதை மச்சாள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்படியென்றால் நீங்கள் எப்போதோ கட்டிவிட்டீர்கள்" என்றாள் அந்தப் பெண்.

திரும்பும்போது டிராமில் மச்சாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெறும் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "அவள் சொன்னதை நீரும் கேட்டனீர்தானே?" என்றார். கேட்டேன் என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. தம்பிக்காக அடித்துவிட்டார், அதுவும் ஒரு மிஸ்ட் கோல். தனக்கென்று வந்தால் அடிப்பாரா என்ற பயம் எனக்குப் போகவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து டிராமில் வந்துகொண்டிருந்தேன். மச்சாளிடமிருந்து மிஸ்ட் கோல். ஒரு மணியில் நிற்கவில்லை, இரண்டிலும் நிற்கவில்லை. திருப்பி எடும் என்ற கணக்கு. எடுத்தேன். என்கேஜ். மறுபடி எடுத்தேன். அப்போதும் என்கேஜ். மச்சாளின் போன் அந்த நேரத்தில் என்கேஜாக இருக்கவே முடியாது. கனடா மச்சாள் வேலையில் நிற்கும் நேரம் அது. தானாக எடுத்து அவர் யாரோடு கதைக்கப்போகிறார்? அடுத்த தரிப்பில் இறங்கி, எதிர்ப்பக்க டிராமைப் பிடித்து, அவர் தெருவில் இறங்கி ஓடினேன்.

வாசலில் வண்டி நின்றது. படியில் இரண்டு பேர் மச்சாளைக் கதிரையோடு தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் வழுக்கி, கால் முறிந்திருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் கைபேசி காதில் இருந்தது. என்னைக் கண்டதும் மற்றக் கையை உயர்த்தி, "பொறும், நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். பிறகு போனுக்குள், யா, யா, வந்துவிட்டார்கள், என் தம்பி மனைவியும் வந்துவிட்டாள், மிகவும் நன்றி, உங்களுக்கும் நல்ல மாலை என்று ஆறுதலாக, ஒரு வசனமும் விடாமல் சொல்லி முடித்தார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்ததும் வாயும் வந்தது. "அங்கை முழுக் கோல். எனக்கு மட்டும் மிஸ்ட் கோலோ?" என்று கேட்டேன்.

கதிரையில் பட்டியால் கட்டப்பட்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கு எடுத்தால் கார்டில காசு போகும்" என்றார் மச்சாள். "இது நான் எப்பவோ கட்டினது."